மூன்று மாதம்

பேஸ்பால் ஆட்டத்தில் எனக்கு அரிச்சுவடியும் தெரியாது. ஆனாலும் 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் வந்த ஒரு செய்தி என்னை விடவில்லை. அந்த ஆட்டத்தின் சாதனைப் பட்டியலில், நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த டை காப் என்பவருக்கு மேலே, ஜாஷ் கிப்ஸன் என்ற கறுப்பரின் பெயரை அமெரிக்காவில் ஏற்றிவிட்டார்களாம். சராசரி .372. அதாவது ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 372 முறை அடித்துத் தளம் பிடிப்பார் என்று கணக்கு.

"ஆட்டக்காரருக்கு என்ன வயது?" என்று கேட்டார் நண்பர்.

"அவர் இறந்தே எழுபத்தேழு ஆண்டுகள் ஆகின்றன" என்றேன்.

நண்பர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

கிப்ஸன் 1911-இல் ஜார்ஜியாவில் பிறந்தவர். தகப்பனாருக்குப் பிட்ஸ்பர்க் நகரத்து உருக்காலையில் வேலை கிடைக்கவே, குடும்பமும் அங்கே போயிற்று. பந்தை அடிப்பதில் மகனுக்கு இணை சொல்ல வெகு சிலரே இருந்தார்கள். ஆனால் பெரிய லீக்கில் கறுப்பருக்கு இடமில்லை. அப்படி ஒரு சட்டமா என்றால், அதுவும் இல்லை. எழுதி வைத்தால் யாராவது கேள்வி கேட்பார்கள் அல்லவா? குழுக்களின் சொந்தக்காரர்கள் வாய் திறக்காமலே செய்துகொண்ட ஏற்பாடு அது!

ஆகவே கறுப்பர்களுக்கென்றிருந்த நீக்ரோ லீக்கில் அவர் ஆடினார். வாஷிங்டனில் வெள்ளையர் குழு வெளியூர் போகிற நாட்களில், அதே மைதானத்தை அவருடைய குழு வாடகைக்கு எடுக்கும். ஆட்டம் முடிந்ததும் பஸ் பயணம். பல ஊர்களில் ஓட்டல் கதவு திறக்காது. பஸ்ஸிலேயே சாப்பாடு, பஸ்ஸிலேயே தூக்கம். வாடகைக்கு மைதானம் கிடைத்தது; படுக்கை கிடைக்கவில்லை.

1947 ஜனவரி 20-ஆம் தேதி, 35 வயதில், கிப்ஸன் காலமானார். அதே ஆண்டு ஏப்ரல் 15-ஆம் தேதி ஜாக்கி ராபின்ஸன் புரூக்ளின் குழுவுக்காகக் களத்தில் இறங்கினார். கதவு திறந்தது. நடுவே மூன்று மாதம்கூட இல்லை.

"ஐயோ, மூன்று மாதம்!" என்றார் நண்பர். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. பிறகு யோசித்துப் பார்த்தேன். 1930 முதல் 1946 வரை அவர் மட்டை பிடித்த பதினேழு ஆண்டுகளை யார் கணக்கில் எழுதுவது?

1972-இல் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடம் தந்தார்கள். கல்லறையில் பெயர் பொறித்த கல் வைப்பதற்கோ 1975 ஆயிற்று.

"இப்போதாவது கொடுத்தார்களே!" என்றார் நண்பர்.

ஆளில்லாத விலாசத்துக்கு வந்த மணியார்டர் போலத்தான் இதுவும். கையெழுத்துப் போட்டு வாங்க உரியவர் இல்லை. ஆனால் அனுப்பியவன் கடன்பட்டவன் என்று அந்தச் சீட்டு சொல்லுகிறதே! அதற்காகவே, அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்திருக்கிறேன்.