எந்தச் சதவீதத்துக்குச் சண்டை?

ஊனச் சதவீதத்தை ஏற்ற அப்பீல் எழுதித் தரச் சொல்லி வரும் முன்னாள் படைவீரர்களிடம், முதலில், வெளியேறும்போது ஊனத்தை மதிப்பிட்ட ரிலீஸ் மெடிக்கல் போர்டின் காகிதங்களைத்தான் கேட்பேன். வலியைப் பற்றிய பேச்சு பிறகு.

"முப்பதுதான் போட்டிருக்காங்க சார், நாற்பதாவது வாங்கிக் கொடுங்க" என்பார்கள். வாங்கினாலும் ஒரு ரூபாய்கூட ஏறாது. 20 முதல் 50க்குக் குறைந்தது எல்லாம் 50; 50 முதல் 75 வரை 75; 76 முதல் எல்லாம் 100 என்றுதான் பென்ஷன் கணக்கு. முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், 50க்கு அதில் பாதி. பணிக்காலம் முடிந்து வெளியே வந்தவர்களுக்கும் இப்படி ஏற்றிப்போடும் கணக்கு பொருந்தும் என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆகவே மல்லுக்கட்ட வேண்டிய வரம்புகள் மூன்றே: 20, 50, 76. பத்தொன்பதில் நிற்பவருக்காக நான் ராத்திரி கண்விழிப்பேன், முப்பதுக்காரருக்காக அல்ல.

ஆனால் முப்பதுக்காரரின் காகிதத்திலும் அடுத்த கட்டத்தைப் பார்த்தாக வேண்டும். 'நோய் பணியால் வந்ததல்ல, பணியால் கூடியதுமல்ல' என்று அங்கே எழுதியிருந்தால் சதவீதம் எவ்வளவு இருந்தும் பயனில்லை. ரத்தக்கொதிப்புக்காரர்கள் பலர் இங்கேதான் சிக்குகிறார்கள். 2013இன் தரம்வீர் சிங் தீர்ப்பு இவர்களுக்குப் பிடிமானம்: சேரும்போது நோய்க் குறிப்பு இல்லையென்றால், பின்னால் வந்ததைப் பணியோடு சேர்த்தே பார்க்க வேண்டும், இல்லை என்றால் போர்டு காரணம் எழுத வேண்டும். 2023 செப்டம்பருக்குப் பின் வெளிவந்தவர்களுக்குப் புது விதிகள் வந்துவிட்டதால், ஓய்வு பெற்ற தேதியையும் முதலிலேயே கேட்டுவிடுவேன்.

மனுவில் 'பீரங்கிச் சத்தத்தில் காது போய்விட்டது' என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். சேர்ந்த அன்று காது சரி என்ற பதிவு, பீரங்கிப் படைப்பிரிவில் இருந்த வருடங்கள், ஆஸ்பத்திரிக்கு முதலில் போன தேதி, அப்போது எடுத்த கேட்புச் சோதனை: இவற்றை வரிசையாக வைத்தால் முடிவை வாசிப்பவரே எட்டிவிடுவார். முறையீடுகள் தோற்று ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போனாலும் இதே வரிசைதான் பேசும்.

சிலரிடம் அப்பீலே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். முகம் சுண்டிப்போகும். அவர் கேட்டது பணத்தை அல்ல. தன் முதுகு எவ்வளவு போனது என்பதைச் சர்க்கார் சரியாக எழுத வேண்டும் என்பதை. அந்தக் கோபம் நியாயமானது. அதற்கு மனு எழுத எனக்குத் தெரியாது.