கணக்குக்கு முன் கேட்க வேண்டியவை

திங்கள்: எழுத்தும் எண்ணும்

நிரல் எழுதப் பழகுவோருக்கான முதல் பயிற்சி, இரண்டு எண்களை வாங்கிக் கூட்டுவது. பைதான் மொழியின் ‘இன்புட்’ கட்டளை, விசைப்பலகையில் தட்டப்படும் எதையும் எழுத்துச் சரமாகவே தருகிறது. அதனால் 5, 3 என்று கொடுத்து அப்படியே கூட்டினால் 8 வராது. இரண்டும் ஒட்டிக்கொண்டு 53 வரும். ‘இன்ட்’ கொண்டு முழு எண்ணாக மாற்றிய பிறகே கூட்டல் நடக்கும்.

வகுத்தலில் மூன்று குறிகள் உண்டு. 7-ஐ 2-ஆல் வகுக்கையில் ஒற்றைச் சாய்கோடு 3.5 தரும், இரட்டைச் சாய்கோடு 3 தரும், சதவீதக் குறி மீதியான 1-ஐத் தரும். எதிர்ம எண்ணில் மொழிகள் வேறுபடுகின்றன: −7-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்தால் பைதான் −4 என்கிறது, சி, ஜாவா மொழிகள் −3 என்கின்றன.

செவ்வாய்: உணவகப் பற்றுச்சீட்டு

மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜில் அடுத்த பயிற்சிக்கான கணக்கு கடைப் பற்றுச்சீட்டிலேயே கிடைக்கிறது. கனடாவின் டிபிஎஸ் வரி 5%, கியூபெக்கின் டிவிகியூ வரி 9.975%. அரிசி, பருப்பு, மரக்கறிக்கு இவை இல்லை. உணவகச் சாப்பாட்டுக்கு இரண்டும் உண்டு. ஆகவே நிரல் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, பொருளின் வகையை.

சாப்பாடு 18.40 டொலர் என்றால் முதல் வரி 92 சதம், இரண்டாவது 1.8354, அதாவது 1.84 டொலர். மொத்தம் 21.16. 2012-இல் டிவிகியூ 9.5% ஆக இருந்தது. டிபிஎஸ் சேர்த்த தொகையின் மேல் போடப்பட்டது. 19.32 டொலருக்கு 9.5% போட்டாலும் அதே 1.8354தான். 2013 ஜனவரி 1 முதல் கணக்கிடும் வழி மாறியது, தொகை மாறவில்லை. இரு வழிகளையும் எழுதி விடைகளை ஒப்பிடுவது நிரலைச் சோதிக்க நல்ல பயிற்சி.

புதன்: தசமமும் சதமும்

கணினி எண்களை இரும முறையில் வைக்கிறது. 0.1 என்ற தசமத்தை அந்த முறையில் முழுதாக எழுத முடியாது. அதனால் 0.1, 0.2 இரண்டையும் கூட்டினால் 0.30000000000000004 வருகிறது. பணக் கணக்கில் இதைத் தவிர்க்க, டொலரை விட்டுச் சதத்தை முழு எண்ணாகக் கொள்ளலாம்.

கனடாவில் 2013 பெப்ரவரி 4 முதல் ஒரு சத நாணயம் விநியோகிக்கப்படுவதில்லை. காசாகக் கொடுக்கும் மொத்தத் தொகை அருகிலுள்ள 5 சதத்துக்கு முழுமையாக்கப்படும். அட்டையில் கட்டினால் மாற்றமில்லை. இதற்கான நிரல் ஒரே வரி: சதத்தோடு 2-ஐக் கூட்டு, 5-ஆல் வகுத்து மீதியை விடு, மறுபடி 5-ஆல் பெருக்கு. 2116 சதம் 2115 ஆகும். 2118 சதம் 2120 ஆகும்.

வியாழன்: உள்ளீட்டைச் சரிபார்த்தல்

பிரெஞ்சு வழக்கில் 18.40 என்பது 18,40 என்று காற்புள்ளியுடன் எழுதப்படும். அதை அப்படியே தசமமாக மாற்றச் சொன்னால் பைதான் பிழை காட்டும். மொன்றியல்வாசிக்கு இது பிழையான உள்ளீடு அல்ல. காற்புள்ளியைப் புள்ளியாக்கும் கடமை நிரலுடையது. தமிழ் இலக்கங்களில் ௧௮ என்று கொடுத்தால் ‘இன்ட்’ அதை 18 என ஏற்கும். பத்தைக் குறிக்கும் ௰-ஐ ஏற்காது.

அஞ்சல் குறியீடு இன்னொரு நல்ல பயிற்சி. எழுத்தும் இலக்கமும் மாறிமாறி ஆறு குறிகள் வரும். மொன்றியல் நகரில் முதலெழுத்து ‘எச்’, கோட்-டெ-நெய்ஜில் அடுத்த இலக்கம் 3. டி, எஃப், ஐ, ஓ, கியூ, யூ ஆகிய எழுத்துகள் எங்கும் வரா. வெறுமையா, வடிவம் சரியா, எண்ணாக மாறுமா, எல்லைக்குள் இருக்கிறதா என்ற வரிசையில் சோதிப்பது நல்லது. தவறினால் காரணத்தைச் சொல்லி, சுழற்சி மூலம் மீண்டும் கேட்க வேண்டும்.

வெள்ளி: எல்லை

தசமம் கேட்கும் இடத்தில் ஒருவர் ‘nan’ என்று தட்டினால், எண் அல்லாத ஒன்றைக் குறிக்கும் அந்த மதிப்பையும் பைதான் ஏற்றுக்கொள்ளும். அது 0-ஐவிடச் சிறிதா என்றாலும் இல்லை, 1000-ஐவிடப் பெரிதா என்றாலும் இல்லை என்றே பதில் வரும். தவறானவற்றைத் தள்ளும் நிபந்தனை அதை உள்ளே விட்டுவிடும். 0-க்கும் 1000-க்கும் இடைப்பட்டதை மட்டும் ஏற்கும் நிபந்தனை அதைத் தடுக்கும்.

சனி: பறப்பு 143

1983 ஜூலை 23 அன்று எயர் கனடாவின் பறப்பு 143 மொன்றியலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்டது. எரிபொருள்மானி வேலை செய்யாததால் தாங்கியிலிருந்ததை அளவுகோலால் அளந்தார்கள்: 7,682 லீற்றர். தேவை 22,300 கிலோகிராம். ஒரு லீற்றரின் எடையாக 0.803 கிலோகிராமைக் கொள்ள வேண்டிய இடத்தில் 1.77-ஐக் கொண்டார்கள், அது இறாத்தல் கணக்கு. 20,088 லீற்றர் நிரப்ப வேண்டிய விமானத்துக்கு 4,917 லீற்றரே போதும் என்று விடை வந்தது. நடுவானில் இரு இயந்திரங்களும் நின்றன. மனிடோபாவின் கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் விமானி ரொபர்ட் பியர்சன் விமானத்தை இயந்திரமின்றி இறக்கினார். விமானத்திலிருந்த 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

அந்தப் பெருக்கலிலும் வகுத்தலிலும் தவறில்லை, 1.77 முறையான எண்ணும்கூட. எண் வடிவை மட்டும் பார்க்கும் நிரலும் அதை ஏற்றிருக்கும். விமான எரிபொருளின் அடர்த்தி லீற்றருக்கு ஏறத்தாழ 0.775 முதல் 0.840 கிலோகிராம் வரை என்ற ஒரு வரி எல்லைச் சோதனை தடுத்திருக்கும். பழகத் தொடங்குவோர் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் எதன் அளவு, எந்த அலகு, எந்த எல்லை என்ற மூன்றையும் எழுதி வைத்துவிட்டே கணக்கைத் தொடங்க வேண்டும்.