கேட்க வந்தவர் பாடலாகாதோ?

விழா எடுப்பவன் முதலில் மேடையை நினைக்கிறான்; மாந்தரைப் பிறகே நினைக்கிறான். இப்பிழையை நாமும் செய்தோம், செய்து வருந்தினோம். அவ்வருத்தத்தின் வரலாற்றையே இங்கே கூற முற்படுகின்றோம்.

எமது பொத்துவிலில் பழைய திரைப்பாடல் ரசிகர்கள் சில ஆண்டுகளாக ஒன்றுகூடி வருகின்றனர். முஸ்லிம்களும் இந்துக்களுமாகிய அவர்களுட் பலர் இலங்கை வானொலியின் பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். கல்லூரி ஆசிரியர் என்ற ஒரே காரணத்தால் இசை நிகழ்ச்சிப் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

நாமும் சளைக்கவில்லை. வெளியூரிலிருந்து இசைக்குழுவை வரவழைத்தோம். மின்சாரம் நின்றால் உதவ ஒரு ஜெனரேட்டர், மூலைக்கொரு ஒலிபெருக்கி, இஷாத் தொழுகைக்கு உரிய இடைவேளை என யாவும் குறைவற அமைந்தன. நிகழ்ச்சி நிரலை நிமிடக் கணக்கில் வகுத்த பெருமையும் நமக்கிருந்தது.

அன்று மாலை ஒரு முதியவர் நம்மிடம் வந்தார். கரைவலை இழுப்போருக்கு அம்பாப் பாட்டு எடுத்துக் கொடுத்தவர் அவர்.

"மாஸ்டர், நானும் ஒரு பாட்டுப் படிக்கலாமா?"

"நிகழ்ச்சியெல்லாம் ஒழுங்குபண்ணியாச்சு காக்கா. அடுத்த முறை கட்டாயம் பார்ப்பம்."

"அல்லாஹ் நாடினால் பார்ப்பம், மாஸ்டர்" என்று சிரித்தபடி சென்று கடைசி வரிசையில் அமர்ந்தார். விழா முடியும்வரை இருந்து கேட்டுவிட்டே போனார்.

அடுத்த விழாவுக்கு அவர் இல்லை. அவருடைய பேரன் நம் மாணாக்கன். "மூத்தவாப்பா மூன்று நாளாகத் திண்ணையில் இருந்து அந்தப் பாட்டைப் படித்துப் பார்த்தார், சேர்" என்று அவன் ஒருநாள் கூறியபோது, நாம் மறுமொழி கூற அறியாது நின்றோம்.

அதன் பின்னரே ரசிகர் கூட்டத்தில் இசைக்கு உரிய இடம் யாது என எண்ணத் தொடங்கினோம். இதே கரையில், வடக்கே காரைதீவில் பிறந்தவர் விபுலானந்த அடிகள். பல்லாண்டு ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ் நூல் 1947ஆம் ஆண்டு தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்விழாவில் அவரது ஆராய்ச்சியின்படி அமைத்த யாழும் மீட்டப்பட்டது. இசையைப் பற்றிப் பேசும் அவையில் இசையும் ஒலித்தல் வேண்டும் என்பது இதனால் நாம் பெற்ற பாடம்.

மற்றொரு பாடம் மேல்நாட்டிலிருந்து கிடைத்தது. அறிவியற் புனைகதை ரசிகர்கள் 1939ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் தம் முதல் உலக மாநாட்டைக் கூட்டினர். அத்தகைய மாநாடுகளில் இராப்பொழுதில் ரசிகர்கள் தாமே பாடும் வழக்கம் பின்னர் வளர்ந்தது. நாட்டுப்பாடலைக் குறிக்கும் 'ஃபோக்' என்னும் சொல் 1950களில் ஒரு கட்டுரையில் 'ஃபில்க்' எனப் பிழையாகத் தட்டச்சாகிவிட, அப்பிழையே அவர்கள் இசைக்குப் பெயராய் நிலைத்துவிட்டது! அவர்களுள் ஒரு சாரார் வட்டமாக அமர்வர். முறை வரும்போது ஒருவர் தாமே பாடலாம். பிறரைப் பாடச் சொல்லிக் கேட்கலாம். வேண்டாமெனில் அடுத்தவருக்கு விட்டுவிடலாம்.

இதைப் படித்தபோது நமக்கு நாணம் உண்டாயிற்று. நம் கடற்கரையில் இல்லாத வழக்கமா இது? அம்பாவை ஒருவர் எடுப்பார். கயிறு பிடித்த அத்தனை பேரும் வாங்கிப் பாடுவர். வாங்குவார் இல்லையேல் அங்கே பாட்டுமில்லை, வலையும் கரைக்கு வராது.

அடுத்த விழாவில் இசைக்குழுவின் நேரத்தைப் பாதியாக்கினோம். எஞ்சிய பொழுதுக்கு நாற்காலிகளை வட்டமாக இட்டு, ஒலிபெருக்கிகளை நிறுத்தி, ஓர் ஆர்மோனியமும் ஒரு றபானும் மட்டும் நடுவில் வைத்தோம். எல்லோருக்கும் முறை வரும்வரை எவரும் இருமுறை பாடலாகாது என்பது ஒன்றே கட்டளை.

முதலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திட்டம் தோற்றதென்றே எண்ணினோம். அப்போது அந்தப் பேரன் எழுந்து, தன் மூத்தவாப்பாவின் அம்பாவைத் தொடங்கினான். அவனுக்குப் பாதிதான் தெரியும், நடுவில் நின்றுவிட்டான். வட்டத்தில் இருந்த கரைவலைக்காரர்கள் மீதியை வாங்கிப் பாடி முடித்தனர். அதன்பின் முறைக்குக் காத்திருந்தோர் பலர். நாமும் நடுங்கும் குரலில் ஒன்று பாடினோம்.

ஆயினும் அவ்வட்டத்தில் ஒரு குரல் குறைந்தே இருந்தது. அக்குறை எந்த ஏற்பாட்டாலும் இனித் தீராது.

நாளை கல்லூரியிலும் ஊரிலும் விழா எடுக்கப்போகும் மாணவச் செல்வங்களே! மேடையும் ஒலிபெருக்கியும் வேண்டியவையே. நேர ஒழுங்கும் வேண்டியதே. ஆனால் நிகழ்ச்சி நிரலை எழுதும்போது ஓரிடத்தை மட்டும் பெயர் எழுதாது விட்டுவையுங்கள். மூன்று நாளாகத் திண்ணையில் பாடிப் பார்த்த ஒருவர் அன்று உங்களைத் தேடி வரக்கூடும்.