அப்பாவின் கப்பல்

என் அப்பா லூபோக் சீனாவுக்கு அருகிலிருந்த ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். சிறுவயதில் அவர் எங்களுக்குச் சொன்ன கதைகளில் அரசனும் இல்லை, சிங்கமும் இல்லை. ஒரு கப்பல்தான் இருந்தது. அதன் பெயர் ரஜூலா. 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல், 1970களின் தொடக்கம்வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹம் (இன்றைய கிள்ளான் துறைமுகம்), சிங்கப்பூர் ஆகிய ஊர்களுக்கிடையே ஓடியது. உங்களில் சிலருடைய கொள்ளுத் தாத்தாவும் அதில் வந்திருக்கக்கூடும். 1965இல், பத்து வயதில், அப்பா பாட்டியோடு அதில் ஏறித் தமிழ்நாட்டுக்குப் போய் வந்தார்.

“அந்த மாதிரி கப்பல் இனி வராதும்மா,” என்பார்.

அவர் பணி ஓய்வு பெற்றதும், மூன்று இரவு உல்லாசக் கப்பல் பயணத்திற்குப் பணம் கட்டினேன். கிள்ளான் துறைமுகத்தில் ஏற வேண்டும். பினாங்கில் ஒரு பகல் நிற்கும். அப்பா பினாங்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அன்று பாட்டியின் தங்கை துறைமுகத்தில் நின்று கையசைத்தாராம். அந்த இடத்தைக் கப்பலிலிருந்து பார்க்க வேண்டுமாம்.

விளம்பரத்தில் கப்பல் அன்னம்போல் இருந்தது. நேரிலோ புதிய சாயத்துக்கு அடியிலிருந்து துரு எட்டிப் பார்த்தது. எங்கள் அறைக்குச் சன்னல் இல்லை. குளிரூட்டியிலிருந்து கட்டில்மேல் நீர் சொட்டியது. புகார் செய்தேன், ஒரு வாளி கொடுத்தார்கள்! நீச்சல் குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். மின்தூக்கி ஓடவில்லை. முட்டிவலியோடு அப்பா நான்கு மாடி ஏறினார்.

மறுநாள் காலை ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இயந்திரக் கோளாறாம், கப்பல் பினாங்குக்குப் போகாதாம். ஈடாக ஆளுக்கொரு குளிர்பானச் சீட்டு! முகப்பில் நின்று சத்தம் போட்டேன். எழுத்திலும் புகார் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை.

அன்றிரவு மேல்தளத்தில் அப்பா தனியே அமர்ந்திருந்தார்.

“மன்னிச்சிடுங்கப்பா. ரஜூலா மாதிரி நல்ல கப்பலா இருக்கும்னு நினைச்சேன்.”

“ரஜூலா நல்ல கப்பல்னு யார் சொன்னது?”

“நீங்கதானப்பா!”

அவர் சிரித்தார். பிறகுதான் நான் அதுவரை கேட்டிராத கதை வெளிவந்தது. அப்பா ஏறியபோதே ரஜூலாவுக்கு வயது முப்பத்தொன்பது. 5000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றுவதற்கென்று கட்டிய கப்பல் அது. இடுக்கில் பாய் விரித்துப் படுத்தார்களாம். எண்ணெய் வாடையும் வாந்தி நாற்றமும் விடவே இல்லையாம். ஏறிய நாளே அப்பாவுக்குத் தலைசுற்றல். லூபோக் சீனாவுக்குத் திரும்பிப் போகலாம் என்று அழுதிருக்கிறார். பாட்டி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கருகில் எலுமிச்சம்பழத்தைப் பிடித்தபடி இரவெல்லாம் விழித்திருந்தாராம். அந்தப் பயணத்தில்தான் பாட்டி தம் தாயைக் கடைசியாகப் பார்த்திருக்கிறார்.

“பினாங்கில் சின்னப் பாட்டி கையசைச்சதை நான் பார்க்கவே இல்லம்மா. மயக்கத்தில் கிடந்தேன். பாட்டி சொல்லித்தான் தெரியும். அன்னைக்கும் பார்க்கல, இன்னைக்கும் பார்க்கல.”

எனக்குப் பேச்சு வரவில்லை. சற்றுப் பொறுத்து, “பட்டர்வொர்த்திலிருந்து பெரியில் போகலாமாப்பா?” என்றேன்.

“அது கப்பல் இல்ல. படகு,” என்றார்.

ஊர் திரும்பிய மறுநாள், லூபோக் சீனா கடைவீதியில் தேநீர் குடிக்கப் போனோம். அப்பாவின் தோட்டத்து நண்பர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“கப்பல் எப்படி இருந்தது?”

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அந்த மாதிரி கப்பல் இனி வராது!”

நான் குனிந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன்.