மோதேரா: மாடி ஏறிய சூரியன்

அகமதாபாத்திலிருந்து வடக்கே சுமார் 100 கி.மீ. மெஹ்சானா மாவட்டத்துப் புழுதியைத் தாண்டினால் புஷ்பாவதி நதிக்கரையில் மோதேரா. சோலங்கி அரசன் முதலாம் பீமதேவன் காலத்தில், 1026-27 வாக்கில் எழுந்த சூரியன் கோயில் இங்குதான் இருக்கிறது. கருவறையில் மூர்த்தி இல்லை, பூஜையும் இல்லை. படிக்கட்டுக் குளத்தையும் தூண் சிற்பங்களையும் பார்த்துவிட்டு வண்டி ஏறுவது பயணிகளின் வழக்கம். இப்போது ஊருக்குள்ளும் பார்க்க ஒன்று உண்டு: மாடிகள்.

24 மணி நேரமும் சூரிய மின்சாரத்தில் இயங்கும் நாட்டின் முதல் கிராமம் என்று 2022 அக்டோபர் 9 அன்று பிரதமர் மோடி இந்த ஊரை அறிவித்தார். அருகே சுஜன்புராவில் 6 மெகாவாட் நிலையம், இரவுத் தேவைக்குப் பெரிய பேட்டரிகள், 1,300க்கும் மேற்பட்ட வீடுகளின் மேல் தலா 1 கிலோவாட் தகடுகள். சுமார் 80 கோடி ரூபாய்ச் செலவை மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்துகொண்டன. அந்தி சாய்ந்தபின் கோயிலில் நடக்கும் ஒளிக்காட்சிக்கும் சூரியனிடம்தான் கடன்!

போட்ட பணம் எப்போது திரும்பும் என்ற கவலை மோதேராவாசிகளுக்கு இல்லை. வேடிக்கை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவருக்குத்தான் அந்தத் தலைவலி.

அவர் மாடியை அளப்பதற்கு முன் ஓராண்டு மின் ரசீதுகளை எடுக்க வேண்டும். 1 கிலோவாட் தகடு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், மாதம் 120. நிழல் விழாத 100 சதுர அடி இடம் தேவை. மின்விசிறி, டி.வி., ஃபிரிட்ஜ் மட்டும் உள்ள வீட்டுக்கு மோதேரா அளவே போதும். மாதம் 240 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்கு 2 கிலோவாட். இடம் காலியாகக் கிடக்கிறதே என்று 5 கிலோவாட் போடுவது வீண் ஆசை. மிஞ்சும் யூனிட்டுக்கு மின் நிறுவனம் தரும் விலை, அது வசூலிக்கும் விலையைவிடப் பெரும்பாலும் மிகக் குறைவு.

2 கிலோவாட்டின் விலை 1,30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் மானியம் 60,000. கைக்காசு 70,000. யூனிட்டுக்கு 6 ரூபாய் கட்டுகிறவருக்கு ஆண்டுக்கு 17,280 ரூபாய் மிச்சம். நான்கு ஆண்டில் முதல் கைக்கு வந்துவிடும். 3 ரூபாய் மட்டுமே கட்டுகிறவர் எட்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். இருவர் மாடியிலும் அதே வெயில்தான். விற்க வருகிறவர்கள் இதை வலியச் சொல்வதில்லை. தகடு 25 ஆண்டு உழைக்கும் என்பது சரி. அதற்குள் இன்வர்ட்டரை ஒரு தடவையாவது மாற்ற நேரும்.

பேட்டரி இல்லாமல் மின் கம்பியோடு இணைத்த தகடுகள், மின்வெட்டு வந்தால் நடுப்பகலிலும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க இந்த ஏற்பாடு. தினமும் மின்வெட்டு உள்ள ஊர்க்காரர்கள் பேட்டரிச் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அப்புறம் புழுதி. வட குஜராத்தில் அதற்குப் பஞ்சமில்லை. தகட்டின் மேல் படிந்தால் யூனிட் குறையும். வெயில் ஏறுமுன் காலையிலேயே தண்ணீர் விட்டுத் துடைத்துவிடுவது நல்லது. சூடேறிய கண்ணாடிக்குக் குளிர்ந்த நீர் ஆகாது.