சாராயம் குடிக்கும் கார்

என் மச்சினனிடம் ஒரு டர்போ கார் இருக்கிறது. 2021 மாடல், செகண்ட் ஹாண்ட். இன்னும் இருபது மாதத் தவணை பாக்கி. ஜாமீன் கையெழுத்து அடியேனுடையது. எனவே அந்த என்ஜினின் தேக ஆரோக்கியத்தில் எனக்குத் தனி அக்கறை உண்டு.

போன மாதம் வந்தான். "மாமா, பெட்ரோலுக்குப் பதிலா எத்தனால் ஊத்தப் போறேன். பவர் பிச்சுக்கும்!"

நான் பி.காம். ஆனால் ஜாமீன் போட்டவனுக்குக் கெமிஸ்ட்ரி தானாக வரும். விசாரித்ததில், பையன் சொன்னது பொய்யில்லை.

டர்போ என்பது காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கிற விசிறி. அமுக்கினால் காற்று சூடாகும். (சைக்கிள் பம்ப்பைத் தொட்டுப் பாருங்கள்.) சூடு ஏறினால் பெட்ரோல் முறை தவறி வெடித்து 'டக் டக்' என்று தட்டும். எத்தனாலோ ஆவியாகும்போதே சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஊசி போடுமுன் நர்ஸம்மா தடவுகிற ஸ்பிரிட் ஜில்லென்று இருக்கிறதே, அதேதான். ஆக்டேனும் அதிகம். ஆகவே இன்னும் அமுக்கலாம். 2005-ல் வந்த சாப் 9-5 பயோபவர் காரில் பெட்ரோல் போட்டால் 150 குதிரை. 85 சதவீத எத்தனால் போட்டால் 180. அதே என்ஜின்! 2007-ல் வந்த கோனிக்செக் சி.சி.எக்ஸ்.ஆரில் 1,018 குதிரைகள். எங்கள் தெருவில் கட்ட இடமில்லை.

இது வரவு. பற்றைப் பார்ப்போம்.

ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். அதாவது அதே காற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஊற்ற வேண்டும். சாப்காரர்கள் அதற்கென்றே தயார் செய்து விற்றார்கள். மச்சினன் காரின் இன்ஜெக்டர் பெட்ரோலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது எரிபொருள் போதாமல் காற்று மிஞ்சினால், பிஸ்டனே உருகலாம். ரப்பர் குழாய்கள் வேறு ஊறிப் போகும்.

லிட்டருக்குச் சக்தியும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பிரேசில்காரர் இதில் கெட்டிக்காரர். எத்தனால் விலை பெட்ரோல் விலையில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் எத்தனால். இல்லாவிட்டால் பெட்ரோல் பைப்பைக் காட்டுவார்.

"நம்ம பங்க்குலயும் 2024 மார்ச்லயே 'எத்தனால் 100' வந்துடுச்சே மாமா?"

"அது ரெண்டையும் குடிக்கிற ஃப்ளெக்ஸ் என்ஜினுக்கு, மாப்ளே!"

நமக்கோ 2025-ல் பெட்ரோலிலேயே 20 சதவீதம் கலந்தாயிற்று. இவன் கார் 10 சதவீதத்துக்குச் செய்தது. காகிதக் கணக்கில் மைலேஜ் மூன்றரை சதவீதம் அடி வாங்கும். மாதம் 60 லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், சுமார் 220 ரூபாய். பிரேசில்காரராக இருந்தால் இந்நேரம் தள்ளுபடி கேட்டிருப்பார். நாம் "ஃபுல் பண்ணுப்பா" என்கிறோம்.

பேச்சுவார்த்தையில் ஒப்பந்தம் ஏற்பட்டது: இருபதாவது தவணை கட்டி, என் கையெழுத்து விடுதலையாகும் வரை பெட்ரோல். மறுநாள் முதல் அவன் ரசம் ஊற்றினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.