அரை மாத்திரை மௌனம்

சென்னையில் தமிழ் ஒலிப்புத்தகங்களுக்கு எடிட்டிங் செய்யும் ஒரு பெண், நாவல் ஒன்றின் முதல் அத்தியாயத்தை முடித்துவிட்டுத் திரும்பக் கேட்டார். வாசித்தவர் நிதானமாகத்தான் வாசித்திருந்தார். காதில் விழுந்ததோ யாரோ பின்னாலிருந்து துரத்துவது போன்ற தமிழ். 'பத்து', 'பாட்டி', 'பக்கம்' எல்லாம் நடுவில் நசுங்கிக் கிடந்தன.

தவறு ஓர் எண்ணில் இருந்தது. அவர் பயன்படுத்தும் ஆடாசிட்டி மென்பொருளில் மௌனங்களைச் சுருக்க ஒரு வசதி உண்டு. எத்தனை டெசிபலுக்குக் கீழே இறங்கினால் அது மௌனம், எவ்வளவு நேரம் நீடித்தால் சுருக்கலாம், எவ்வளவாகச் சுருக்கலாம் என்று நாம்தான் சொல்ல வேண்டும். அரை விநாடி இருக்க வேண்டிய கட்டத்தில் அவர் 0.1 என்று போட்டிருந்தார். வல்லினம் இரட்டிக்கும்போது நாக்கோ உதடோ மூச்சை முழுக்க அடைத்து நிற்கும். அந்நேரத்தில் ஒலியே கிடையாது. நிதானமான வாசிப்பில் அந்த அடைப்பு பத்தில் ஒரு விநாடியைத் தாண்டிவிடும். அதையும் வெற்றிடம் என்று நினைத்து மென்பொருள் கத்தரித்துவிட்டது.

அந்த அடைப்புக்குத் தமிழ் இலக்கணம் நேரம் ஒதுக்கியிருக்கிறது. கண்ணிமைக்கும் பொழுது, அல்லது விரல் நொடிக்கும் பொழுது, ஒரு மாத்திரை என்கிறது தொல்காப்பியம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. 'பத்து'வின் நடுவில் நிற்கும் 'த்' ஓசையற்றுப் போனாலும் கணக்கிலிருந்து விழுவதில்லை. எதை அளக்கிறோம் என்று தெரிந்தவர்கள் வைத்த அலகு அது. விநாடிக் கணக்கு மட்டும் தெரிந்த கருவிக்கு அந்த அறிவை எடிட்டர்தான் கொடுக்க வேண்டும்.

அலகு மாறினால் வேலையே மாறிவிடும் என்பதை அவர் முன்பே ஒரு குறும்படத்தில் பட்டிருக்கிறார். கதவு தட்டும் ஓசையை வைக்க வேண்டிய இடமாக இயக்குநர் எழுதித் தந்த குறிப்பு 00:04:10:12. கடைசி 12 ஃப்ரேம் கணக்கு. விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் படத்தில் அது சரியாக அரை விநாடி. மென்பொருளின் நேரப்பெட்டியோ விநாடியிலும் அதன் பின்னத்திலும் இருந்தது. அவர் 10.12 என்று அடித்துவிட்டார். 0.38 விநாடி வித்தியாசம், ஏறக்குறைய ஒன்பது ஃப்ரேம். கை கதவைத் தொடுவதற்கு முன்பே தட்டும் ஓசை கேட்டது.

நேரப்பெட்டியின் அலகை மாற்றுவது ஒரு சொடுக்கு வேலை. வீடியோவுக்கு ஃப்ரேம், பேச்சுக்கு மில்லிசெகண்டு, 'டிக்' என்று வெடிக்கும் வெட்டைச் சரிசெய்ய சாம்பிள். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 சாம்பிள். ஏதாவது ஓர் இலக்கத்தின் மேல் கர்சரை வைத்து மேல்-கீழ் அம்புக்குறியை அழுத்தினால் அந்த இலக்கம் மட்டும் ஏறி இறங்கும். மவுஸால் இழுத்துத் தடுமாறுவதைவிட இதுதான் கைக்கு வசப்படும் என்பது அவர் அனுபவம்.

ஒலியளவிலும் இதே கதைதான். அலைவடிவத்தை நேர்கோட்டு அளவில் பார்க்கும்போது, மைனஸ் 50 டெசிபலில் ஓடும் மின்விசிறி இரைச்சலின் உயரம் உச்ச அளவில் 0.003 மட்டுமே, திரையில் நேர்கோடாகத் தெரியும், பதிவு சுத்தமாக இருப்பதாகத் தோன்றும். அதே டிராக்கை டெசிபல் அளவுக்கு மாற்றினால் வாக்கியங்களுக்கு இடையே புல் முளைத்த மாதிரி இரைச்சல் எழுந்து நிற்கும். ஒலி மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. புதிதாக வருபவர்கள் இன்னொன்றிலும் தடுமாறுவார்கள்: 6 டெசிபல் கூட்டுவதைச் சின்ன மாற்றமாக எண்ணுவார்கள். அலையின் உயரம் அதில் இரட்டிக்கிறது. உச்சம் மைனஸ் 3-இல் நின்ற வாசிப்பு 0-வைத் தாண்டித் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும்.

நாவலின் முதல் அத்தியாயத்தை அவர் மூலப் பதிவிலிருந்து மறுபடி எடுத்தார். வாக்கியங்களுக்கு இடையிலான மௌனத்துக்கு 0.5. 'பாட்டி' வரும் இடத்தைப் பெரிதாக்கி, அடைப்பின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தேர்ந்தெடுத்து, நீளத்தை மில்லிசெகண்டில் படித்தார்: 160. பக்கத்தில் இருந்த நோட்டில் அதைக் குறித்துக்கொண்டு, அடுத்த இரட்டிப்பைத் தேடிப் போனார்.